வியூஃபைண்டரில் தள்ளி இருந்த பேருந்து

கேமராவுக்குள் அந்தப் பேருந்து தீப்பெட்டி அளவுதான் இருந்தது. சாலையோரம் நின்று தெருவை நீளவாக்கில் எடுத்துக்கொண்டிருந்தேன். 20 மி.மீ. வைட் ஆங்கிள் லென்ஸ்; இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும். இடப்பக்கத்துப் பால்கனி வரிசை இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தால் நன்றாக இருக்குமே என்று, கண்ணை எடுக்காமலே நடைபாதையிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தேன். யாரோ பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்தார்கள். கேமராவை இறக்கிப் பார்த்தால் தீப்பெட்டியைக் காணோம். என் தோளுக்கு ஒரு முழத்தில் பேருந்தின் தகரம் ஓடிக்கொண்டிருந்தது. இழுத்தவர் திட்டக்கூட இல்லை. "அதுல பாத்து ரோட்டுல இறங்காதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

பதினைந்து வருடமாகத் தெருக்களைப் படமெடுப்பதுதான் எனக்குத் தொழில். வைட் ஆங்கிள் லென்ஸைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் எனக்குப் பாடம் எடுத்ததில்லை. அந்த லென்ஸ் தூரத்தை மாற்றிச் சொல்லும். எடுப்பவருக்கும் அப்படித்தான், படத்தைப் பார்ப்பவருக்கும் அப்படித்தான்.

கணக்கு எளிது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (படம் விழும் சென்சார் பழைய ஃபிலிம் படத்தின் அளவுக்கே இருக்கும்) 50 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவு, நம் கண்ணுக்குப் பழகிய அளவை ஒட்டியிருக்கும். 20 மி.மீ. லென்ஸ் எதையும் அதில் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருக்கிவிடும். 20 மீட்டரில் வரும் வண்டி 50 மீட்டரில் வருவதுபோலத் தெரியும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். ஐந்து நொடி இருக்கிறது என்று மூளை நினைத்துக்கொண்டிருக்கும். இருப்பது இரண்டே நொடி. வண்டிகளின் பக்கக் கண்ணாடியில் 'தெரிவதைவிட அருகில் இருக்கிறது' என்று எழுதியிருப்பார்களே, அதே சங்கதிதான். லென்ஸில் யாரும் எழுதி ஒட்டுவதில்லை.

கேமரா தூக்குகிறவர்களோடு இந்த ஆபத்து நின்றுவிடவும் இல்லை. 2019-இல் வந்த ஐஃபோன் 11-இல் இருந்த அல்ட்ரா வைட் கேமரா 13 மி.மீ. லென்ஸுக்கு இணையானது, 120 டிகிரி வரை பார்க்கும். இன்று பல ஃபோன்களில் '0.5' என்ற இடத்தைத் தொட்டால் போதும். திரையைப் பார்த்தபடி சாலையில் நடந்துகொண்டே வீடியோ எடுப்பவர்களைக் கண்டால் என் கை தானாகக் காலருக்குப் போகிறது. நான் வைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் ஒன்றுதான்: நிற்கிற இடத்தை வெறுங்கண்ணால் முடிவுசெய்த பிறகே கேமராவைத் தூக்குவேன். இடம் மாறவேண்டும் என்றால் கேமரா முதலில் மார்புக்கு இறங்கும், அப்புறம்தான் கால் நகரும். இரண்டு பேராகப் போனால் இன்னும் நல்லது, ஒருவர் சாலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் இந்த லென்ஸ்? கூட்டத்துக்கு நடுவில் நிற்கிற உணர்வை வேறு எதுவும் இப்படித் தராது. நியூயார்க் தெருக்களை எடுத்த கேரி வினோகிராண்ட் 28 மி.மீ. லென்ஸோடுதான் பெரும்பாலும் சுற்றினார். மூலைக்கு மூலை 75 டிகிரி பார்க்கும் லென்ஸ் அது. ஆனால் தள்ளி நின்று எடுத்தால் எல்லாம் பொடிப்பொடியாக, எங்கே பார்ப்பது என்று தெரியாத படம்தான் வரும். கிட்டே போகவேண்டும். கிட்டே போனதும் இன்னொன்று நடக்கிறது. ஒரு மீட்டரில் நிற்பவரைவிட இரண்டு மீட்டரில் நிற்பவர் பாதியாகத் தெரிவார்; ஒரே எட்டில் ஆள் பாதி. பத்து மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அதே ஒரு எட்டு பெரிய வித்தியாசம் காட்டாது. பலர் இதை லென்ஸின் குறை என்பார்கள். உண்மையில் நாம் நிற்கும் தூரம்தான் காரணம். நின்ற இடத்திலேயே 28-இலும் 50-இலும் எடுத்து, முதல் படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஒப்பிட்டுப் பாருங்கள், பொருள்களின் அளவு விகிதம் ஒன்றாகவே இருக்கும்.

லென்ஸைக் குற்றம் சொல்ல வேண்டிய இடம் ஓரங்கள். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டவேண்டும் என்று சாதாரண வைட் ஆங்கிள் லென்ஸை வடிவமைக்கிறார்கள். கட்டடத்துக்கு அது நல்லது. அதற்கு விலையாக உருண்டை முட்டையாகிவிடும். 24 மி.மீ. லென்ஸில் படுக்கைவாட்டு ஃப்ரேமின் இடது, வலது விளிம்பில் வரும் தலை, இருக்கவேண்டியதைவிட கால் பங்கு அகலமாக விழும். மூலைக்குப் போனால் இன்னும் மோசம். ஒருமுறை ஒரு தெருவில் குடியிருப்பவர்களை வரிசையாக நிற்கவைத்து எடுத்தேன். இடம் போதவில்லை, 24-ஐ மாட்டினேன். படத்தை வாங்கிப் பார்த்த பெண் கேட்டார்: "எங்க அம்மாவ ஏங்க இப்படிக் குண்டாக்கி வெச்சிருக்கீங்க?" அவர் அம்மா வரிசையின் கடைசியில் நின்றிருந்தார். மெலிந்த மனுஷி. மென்பொருளில் ஓரத்தை ஒடுக்கிச் சரிசெய்தேன், பின்னால் இருந்த தூண் வளைந்துகொண்டது. அன்றிலிருந்து ஓரங்களை மரத்துக்கும் சுவருக்கும் விட்டுவிட்டு, மனிதர்களை நடுவில் மூன்றில் இரண்டு பங்குக்குள் வைக்கிறேன்.

கூட்டத்தைப் படமெடுக்கும்போது இதே விஷயம் வேறு முகம் காட்டும். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தில், டென்மார்க்கின் ரிட்ஸாவ் ஸ்கான்பிக்ஸ் புகைப்பட முகமை கோபன்ஹேகனில் ஒரு சோதனை செய்தது. பொதுஇடங்களில் நின்ற அதே மக்களை வைட் ஆங்கிள் லென்ஸிலும், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். டெலியில் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. வைடில் தாராளமாக இடைவெளி விட்டு நிற்பது தெரிந்தது. இரண்டும் பொய்ப்படம் இல்லை. ஆனால் கூட்டம் அதிகமா, குறைவா என்று ஒரே படத்தை வைத்துச் சண்டைபோடுகிறவர்கள், எடுத்தவர் எங்கே நின்றார் என்று முதலில் கேட்கவேண்டும். 'விசாலமான தெரு' என்று வீட்டு விளம்பரத்தில் வரும் படத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். படத்தின் முன்னால் தரை மட்டும் ஏராளமாக விரிந்து கிடந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

தொழில்நுட்பத்தில் இரண்டு மூன்று விஷயம் மட்டும். 28 மி.மீ. லென்ஸ், அதன் திறப்பு எஃப் 8, ஃபோகஸை 3.3 மீட்டரில் நிறுத்திவிட்டால் சுமார் 1.7 மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம்வரை கூர்மை கிடைக்கும். ஆட்டோஃபோகஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். வைட் லென்ஸுக்கு 1/30 நொடி ஷட்டர் வேகம் போதும் என்பது கை நடுக்கத்துக்கான கணக்கு. ஒன்றரை மீட்டரில் குறுக்கே நடந்துபோகிறவரை அதே வேகத்தில் எடுத்தால் சென்சாரில் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. நீளத்துக்கு இழுவும், முகம் கரைந்துவிடும். குறைந்தது 1/250, முடிந்தால் 1/500 வையுங்கள். வானத்தின் நீலத்தைக் கூட்ட மாட்டும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். வைட் லென்ஸில் அதை மாட்டினால் வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்துத் திட்டுத்திட்டாக வரும். கேமராவை அண்ணாந்து தூக்கினால் கட்டடங்கள் பின்னால் சாயும். தூக்காமல், கூடுதலாக வரும் தரையைப் பிறகு வெட்டிவிடலாம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஓரத்தில் இருப்பவருக்கு நாம் தன்னை எடுக்கிறோம் என்று தெரியாது என்பதுதான். லென்ஸ் அவரை நோக்கித் திரும்பியிருக்காது. நாம் வேறெதையோ எடுப்பதாக நினைத்து இயல்பாக இருப்பார். இதைத் தந்திரமாகச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். அப்படி ஒருநாள் நிறுத்தி வைத்திருந்த சைக்கிள் ஒன்றை எடுத்து வந்து வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரப் படிக்கட்டில் ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுதிருக்கிறார். சைக்கிள் நன்றாகத்தான் வந்திருந்தது, ஆனாலும் அந்தப் படத்தை வெளியிட மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் இடத்தை விட்டுக் கிளம்பும் முன் திரையில் நான்கு ஓரங்களையும் பார்த்துவிடுகிறேன். முகம் தெளிவாக இருந்தால் போய்க் காட்டுவேன். போன மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் காட்டினேன். நான் நின்ற இடத்துக்கும் பெஞ்சுக்கும் ஐந்து மீட்டர்கூட இருக்காது. திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்ளோ தூரத்துலயா உக்காந்திருந்தேன்?" என்றார். பிறகு, அழித்துவிடச் சொன்னார். அவர் கண்முன்னாலேயே அழித்தேன்.