எல்-எம்-என்-ஓ-பி ஏன் ஒரே மூச்சில் ஓடுகிறது?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய மகள் ஆங்கில ஏபிசிடி பாட்டை எத்தனை முறை போட்டாலும் "இன்னொரு வாட்டி" என்கிறாளாம். அம்மாவுக்கோ மூன்றாவது தடவையிலேயே தலை வலிக்கிறது. குழந்தைக்கு மட்டும் எப்படிச் சலிக்காமல் இருக்கிறது? பெற்றோரும் சேர்ந்து ரசிக்கிற மாதிரி ஓர் எழுத்துப் பாட்டு இருக்கவே முடியாதா? இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அடுத்து என்ன வரும் என்று நம் மூளை ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கில்.

முதலில் பாட்டைப் பார்ப்போம். மெட்டு பிரான்ஸிலிருந்து வந்தது, 1761-ல் அச்சேறியது. 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாடுவதும் இதே மெட்டில்தான். அதில் ஆங்கில எழுத்துகளை ஏற்றி, 1835-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பிராட்லி என்ற இசைப் பதிப்பாளர் காப்புரிமை பெற்றார்.

இருபத்தாறு எழுத்துகளை வரிசையாக நினைவில் வைப்பது சின்ன வேலை அல்ல. ஒரு கதையில் இது நடந்ததால் அது நடந்தது என்று காரணம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஜே-க்குப் பிறகு கே வருவதற்கு ஒரு காரணமும் கிடையாது. அப்படிப்பட்ட வரிசையில் ஒரு நேரத்தில் ஏழு, கூடினால் ஒன்பது உருப்படிகளைத்தான் மனதில் நிறுத்த முடியும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-லேயே எழுதினார். பிந்தைய ஆய்வுகள் அந்த எண்ணை இன்னும் குறைத்துவிட்டன. ஆகவே வரிசையைத் துண்டுபோட வேண்டும். அதைத்தான் மெட்டு செய்கிறது.

ஏ-யிலிருந்து ஜி வரை ஒரு வரி. எச்-சிலிருந்து பி வரை இரண்டாவது வரி. பிறகு க்யூ முதல் வி வரை. கடைசியில் டபிள்யூ, எக்ஸ், ஒய், இஸட். முதல் வரியில் ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து என்று நிதானமாகப் போகிறது. இரண்டாவது வரியில் இடம் போதவில்லை. அதனால் எல், எம், என், ஓ நான்கும் இரண்டே தட்டுகளுக்குள் இரட்டை வேகத்தில் ஓட, பி-யில் போய் மூச்சு நிற்கிறது. 'எலமெனோபி' என்று ஓர் எழுத்து இருப்பதாகவே பல குழந்தைகள் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருக்கின்றன. வரிகள் முடியும் இடத்தையும் கவனியுங்கள்: ஜி, பி, வி. எல்லாம் ஒரே ஓசை, நம் யாப்பில் இயைபு என்போமே, அதே. கடைசி வரியும் அமெரிக்கர்கள் வாயில் 'ஸீ' என்று அந்த ஓசையிலேயே முடியும். நம் பள்ளிகளில் 'இஸட்' என்று முடிக்கும்போது இயைபு அங்கேயே அறுந்துவிடுகிறது. பாட்டு பிறந்த ஊர் எது என்று அந்த ஓர் எழுத்து இன்னும் காட்டிக்கொடுக்கிறது.

சரி, இப்போது ஒன்று செய்து பாருங்கள். ஆங்கில வரிசையில் ஏ-க்கு அடுத்து என்ன? எச்-சுக்கு அடுத்து? உடனே வந்துவிடும். ஜே-க்கு முன்னால் என்ன? க்யூ-வுக்கு முன்னால்? பெரும்பாலானவர்களுக்கு உதடு லேசாக அசையும். எச், ஐ, ஜே என்றோ, எல்-லில் தொடங்கி இழுத்துக்கொண்டோ மனதுக்குள் பாடித்தான் விடையைப் பிடிப்பார்கள்.

இதை நேரம் பார்த்து அளந்தவர்கள் டேவிட் கிளார், வில்லியம் சேஸ், யூஜீன் லவ்லேஸ் ஆகிய மூவர். 1983-ல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த உளவியல் ஆய்வுகளில் ஒன்று. கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஓர் எழுத்தைக் காட்டி, அடுத்த எழுத்தையோ முந்தைய எழுத்தையோ சொல்லச் சொன்னார்கள். விடை வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டார்கள். எழுத்துகள் எல்லாம் மனதில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தால், எந்த எழுத்தைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆக வேண்டும். அப்படி நடக்கவில்லை. சில எழுத்துகளில் விடை சட்டென்று வந்தது. அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளில் நேரம் படிப்படியாகக் கூடியது. பிறகு திடீரென்று மறுபடி குறைந்தது. நேரம் குறைந்த இடங்கள் பெரும்பாலும் பாட்டின் துண்டுகள் தொடங்கும் இடங்கள்! இரண்டாவது வரியின் நடுவே வேகம் கூடும் எல்-லும் அப்படி ஒரு தொடக்கம்தான்.

அதாவது அகரவரிசை நம் தலைக்குள் ஒரு ரயில் பாதையாக இருக்கிறது, நிலையங்களில் மட்டுமே ஏற முடியும். கே-யைத் தேட வேண்டுமானால் எச்-சில் ஏறி அங்கிருந்து வர வேண்டும். ரயில் ஒரே திசையில்தான் ஓடும் என்பதால் முந்தைய எழுத்தைக் கேட்டால் இன்னும் தாமதம். க்யூ-வுக்கு முந்தையது பி என்று சொல்ல, க்யூ ஒரு நிலையமாக இருந்தும் பயனில்லை. ஒரு நிலையம் பின்னால் போய், எல்-லில் ஏறி வந்தாக வேண்டும்.

இதில் என்னை வியக்க வைப்பது, இந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள் என்பதுதான். பாட்டைப் பாடி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். அகராதியில் சொல் தேடியிருப்பார்கள், பெயர்ப் பட்டியல்களை அடுக்கியிருப்பார்கள். ஆனாலும் மழலை வகுப்பில் போட்ட பாதை அப்படியே கிடக்கிறது. 2019-ல் இதே பாட்டின் திருத்திய வடிவம் ஒன்று இணையத்தில் பரவியது. எல்-எம்-என்-ஓ-பி அவசரம் அதில் இல்லை. என்-னில் ஒரு வரி முடியும், ஓ-பி-க்யூ என்று அடுத்த வரி நிதானமாகத் தொடங்கும். கற்பதற்கு அதுதான் தெளிவு. ஆனால் அதைக் கேட்ட பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். கோபம் நியாயமானதுதான்: எல்-லில் இருந்த நிலையத்தை யாரோ ராவோடு ராவாகப் பெயர்த்துவிட்டால் வேறு எப்படி இருக்கும்?

மெட்டு எப்போதும் நினைவுக்கு உதவும் என்று நினைத்துவிட வேண்டாம். வாண்டா வாலஸ் 1994-ல் வெளியிட்ட சோதனைகளில், ஒரே மெட்டு பல சரணங்களில் திரும்பத் திரும்ப வந்தபோதுதான் பாடல் வரிகள் நன்றாக நினைவில் நின்றன. மெட்டு காதில் படியாவிட்டால் அதுவே இன்னொரு சுமை. எளிய மெட்டு, நிறையத் தடவை. குழந்தைக்கு வேண்டியது அதுதான். கதையிலும் இப்படித்தான்: மூன்று வயதுக் குழந்தைகளுக்கு வெவ்வேறு கதைகளைப் படித்துக் காட்டியதைவிட ஒரே கதையைத் திரும்பப் படித்தபோது புதுச் சொற்கள் அதிகம் மனதில் தங்கின என்று 2011-ல் ஜெசிகா ஹார்ஸ்டும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். "இன்னொரு வாட்டி" என்று கேட்கும் குழந்தை அடம்பிடிக்கவில்லை, படித்துக்கொண்டிருக்கிறது.

இனி பெரியவர்களின் தலைவலி. 'அடுத்து இதுதான்' என்று ஊகிப்பதும், ஊகம் பலிப்பதும், எப்போதாவது தவறுவதும் சேர்ந்ததுதான் இசை தரும் இன்பம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2011-ல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். பாட்டின் உச்ச கட்டத்தில் மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே, இன்பத்தோடு தொடர்புடைய டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சுரந்தது. ஏழெட்டு மாதக் குழந்தைகள்கூட எளிதில் ஊகிக்க முடிவதிலிருந்தும், ஊகிக்கவே முடியாததிலிருந்தும் கண்ணைத் திருப்பிக்கொள்கின்றன. நடுவில் இருப்பதைத்தான் அதிக நேரம் பார்க்கின்றன. ஏபிசிடி பாட்டு மழலைக்கு அந்த நடுவில் இருக்கிறது, அவளுக்கு இன்னும் பாதி ஊகம் தவறுகிறது. அம்மாவுக்கோ முதல் சுரத்திலேயே முழுப் பாட்டும் முடிந்துவிட்டது.

அப்படியானால் இருவருக்கும் ஒரே பாட்டு எப்படி? வழி காட்டியது 2019-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் ஆய்வு. 745 பாப் பாடல்களிலிருந்த ஏறத்தாழ 80,000 'கார்டு'களை (chord, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்களை) வைத்துக் கணக்கிட்டார்கள். அடுத்து என்ன வரும் என்று உறுதியாக நம்பியிருக்கும்போது வரும் திருப்பம் இனிக்கிறது. என்ன வரும் என்றே தெரியாமல் தவிக்கும்போது, எதிர்பார்க்கக்கூடிய ஒன்று வந்தால் அதுவும் இனிக்கிறது. ஆக, எலும்புக்கூட்டை உறுதியாக வைத்துக்கொண்டு மேலே மட்டும் அசைத்தால், குழந்தைக்கு எலும்புக்கூடு, பெற்றோருக்கு அசைவு.

மொஸார்ட் அதைத்தான் செய்தார். இதே மழலை மெட்டை எடுத்துக்கொண்டு 1780-களின் தொடக்கத்தில் வியன்னாவில் பியானோவுக்குப் பன்னிரண்டு மாறுபாடுகள் எழுதினார். மெட்டு எங்கேயும் தொலைவதில்லை, ஆனால் அடுத்த திருப்பத்தில் அது எந்த உடையில் வரும் என்பது தெரியாது. நம் காலத்தில், நியூயார்க்கின் 'தே மைட் பி ஜயன்ட்ஸ்' என்ற ராக் குழு 2005-ல் எழுத்துகளுக்காகவே ஓர் ஆல்பம் வெளியிட்டது. அதில் ஒரு பாட்டு எழுத்துக்கு ஒரு நாடு என்று போகிறது. அல்ஜீரியா, பல்கேரியா, கம்போடியா என்று வரிசை உறுதியாக நிற்கிறது. எக்ஸ்-சில் தொடங்கும் நாடு உலகிலேயே கிடையாது, அங்கே என்ன செய்யப்போகிறார்கள் என்று பெரியவர் மனம் முன்கூட்டியே ஓடும். டபிள்யூ-வையும் எக்ஸ்-ஸையும் சேர்த்து 'வெஸ்ட் சைலோஃபோன்' (ஆங்கிலத்தில் எக்ஸ்-சில் தொடங்கும் ஓர் இசைக்கருவியின் பெயர்) என்று இல்லாத ஒரு நாட்டைப் பாடிவிடுகிறார்கள். உறுதியான எதிர்பார்ப்பில் விழுந்த திருப்பம்! குழந்தை வரிசையைக் கற்கிறது, அப்பா சிரிக்கிறார்.

அப்பா சிரிப்பது கூடுதல் லாபம் மட்டுமல்ல. பாட்ரிஷியா குல் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்கவைத்தார்கள். ஆள் நேரில் உட்கார்ந்து பேசியபோது அந்த ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சை வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. பெற்றோருக்குப் பிடித்த பாட்டானால் பெற்றோரும் பாடுவார்கள், பிடிக்காத பாட்டானால் ஃபோனைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போவார்கள்.

இந்த இடத்தில் ஒரு மூடநம்பிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். மொஸார்ட் கேட்டால் குழந்தைக்கு அறிவு வளரும் என்று கர்ப்பிணிகளின் வயிற்றில் ஹெட்போன் வைக்கிறார்கள். 1993-ல் வந்த மூல ஆய்வில் பங்கெடுத்தவர்கள் கல்லூரி மாணவர்கள், ஒரே வகைப் புதிரில் பத்துப் பதினைந்து நிமிடமே நீடித்த சிறு முன்னேற்றம் அது. அதை நம்பி 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு தர 1,05,000 டாலர் கேட்டார். மாறாக, 1969-ல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பங்கு, குழந்தைகள் உண்மையில் கற்றார்களா என்று சோதிக்கப் போனது. பெரியவர்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றே நகைச்சுவையையும் பிரபலப் பாடகர்களையும் சேர்த்தார்கள். பணத்தை இப்படித்தான் செலவழிக்க வேண்டும்.

தமிழுக்கு இந்தக் கணக்கு இன்னும் சுவையானது. நம் 247 எழுத்துகள் ஒரே கோடு அல்ல, கட்டம். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், அவற்றின் சேர்க்கை 216, ஓர் ஆய்தம். க, கா, கி, கீ என்று ராகம் போட்டுச் சொல்லி வளர்ந்த ஒருவர் தலையில் ஏறும் நிலையங்கள் எங்கே இருக்கும்? க, ங, ச என்று ஒவ்வொரு வரிசையின் முதலிலா, அல்லது குறிலும் நெடிலும் இணையும் ஒவ்வொரு இடத்திலுமா? ஆத்திசூடியை மனப்பாடம் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் வேறுபாடு இருக்குமா? கிளார் குழுவின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டால், திரையில் ஓர் எழுத்தைக் காட்டி விடை வரும் நேரத்தை அளக்கும் ஒரு சாதாரண நிரல் போதும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் உளவியல் மாணவர் யாராவது இதை எடுத்துச் செய்தால் ஒரு நல்கைக் குழு நிச்சயம் கைகொடுக்க வேண்டும். முதலில் 'மொ'-வுக்கு முன்னால் என்ன என்று கேட்டுத் தொடங்கலாம்.