120 குதிரைத்திறன் எப்படிப் போதுமானது? மியாட்டா ரோட்ஸ்டரின் இயற்பியல்

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் மியாட்டா, 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. ஜப்பானில் அதன் பெயர் யூனோஸ் ரோட்ஸ்டர். அந்த முதல் தலைமுறை வண்டிக்கு 1.6 லிட்டர் எஞ்சின், 120 குதிரைத்திறன், 940 கிலோ எடை, இரண்டே இருக்கை, மடக்கும் கூரை. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட 9 விநாடி அளவுக்கு ஆகும். இன்றைய குடும்பக் கார்கள் பல இதைச் சுலபமாக முந்திவிடும். இருந்தும் 2016 ஏப்ரலில் ஹிரோஷிமாவில் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. முதல் தலைமுறை வண்டியை இன்னும் கைவிடாமல் ஓட்டுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இந்தப் பிடிப்புக்குக் காரணத்தை எடையில்தான் தேட வேண்டும். எவ்வளவு எடை, அது வண்டிக்குள் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

முதலில் டயர். அதன்மேல் விழும் பாரம் இரட்டிப்பானால் பிடிமானமும் இரட்டிப்பாகும் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை; பிடிமானம் அதைவிடக் குறைவாகவே கூடும். வளைவில் வண்டியைத் திருப்பத் தேவையான பக்கவிசையோ எடைக்கு நேர் விகிதத்தில் ஏறிக்கொண்டே போகும். அதனால் கனமான வண்டிக்கு அகலமான டயர் வேண்டியிருக்கிறது. மியாட்டாவுக்கு 185 மில்லிமீட்டர் அகலமும் 14 அங்குலச் சக்கரமும் போதுமானவையாக இருந்தன. பிடி அதன் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே டயர் ஸ்டீயரிங்கை நேராக்க முயலும் விசை தளரத் தொடங்கும். கை அதை உடனே உணரும். இந்த முன்னறிவிப்பை நம்பித்தான் வளைவில் தைரியம் வருகிறது. அழகுக்காக 17 அங்குலக் கனமான சக்கரம் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் இழப்பது இதைத்தான். காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. மற்ற கார்களைப் போல 33 பிஎஸ்ஐ அடித்துவிட்டால், இவ்வளவு லேசான வண்டி மேடுபள்ளத்தில் துள்ளும்; பிடி விட்டுவிட்டுக் கிடைக்கும்.

அடுத்தது எடை இருக்கும் இடம். ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பது, மையத்திலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மையத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கும் 20 கிலோ, திரும்புவதற்கு 80 அலகு தடை தரும் என்றால், அதே 20 கிலோ 1 மீட்டரில் 20 அலகுதான் தரும். ஆகவேதான் எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். பானெட்டை அலுமினியத்தில் செய்தார்கள். பேட்டரியைப் பின்பெட்டியில் வைத்தது முன்பின் சமநிலைக்காக: இரண்டு பேர் உட்கார்ந்தால் எடை 50:50 ஆகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு தயங்காமல் திரும்பும். மாஸ்டா பொறியாளர்கள் இதற்குக் குதிரைமேல் அமர்ந்து அம்பெய்யும் மரபிலிருந்து ஒரு சொல்லை எடுத்தார்கள்: ஜின்பா இத்தாய், அதாவது குதிரையும் வீரனும் ஓருடல்.

எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த பாகம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கியர் பெட்டியின் வாலையும், எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. பின்சக்கர இழுவை வண்டிகளில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது டிஃபரன்ஷியல் தன் ரப்பர் தாங்கிகளை நசுக்கித் தன் மூக்கைத் தூக்கப் பார்க்கும். அந்த நசுங்கல் முடிந்த பிறகுதான் விசை முழுமையாகச் சக்கரத்துக்குப் போகும். இந்தச் சட்டம் மூக்கைத் தூக்கவிடாது. கால் அசைந்த கணமே சக்கரம் பதில் சொல்லும். கிளட்ச் மாற்றும்போது சட்டத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். திரும்பப் பூட்டும்போது கியர் பெட்டியின் வாலை ஜாக்கியால் சரியான உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துப் போல்ட்டை முறுக்காவிட்டால், வேகமெடுக்கையில் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு அதிரும்.

கியர் கம்பி நேராகப் பெட்டிக்குள்ளேயே இறங்குவதால் நடுவில் கேபிள் கிடையாது. கம்பியின் அடியில் தனியாக ஒரு சின்ன எண்ணெய்க் குழி உண்டு. 80 முதல் 90 மில்லிலிட்டர் கியர் எண்ணெய் பிடிக்கும். அதன்மேல் இருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கம்பி சொரசொரப்பாகும். பெட்டியின் சூடும் நேரே உள்ளே ஏறும். உறையை மாற்றி, பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்துப் புதிதாக ஊற்றினால் கியர் மறுபடி வெண்ணெய்போல் விழும்.

எஞ்சினை நிமிடத்துக்கு 7,000 சுற்றுவரை இழுத்தாலும் இரண்டாம் கியரில் மணிக்கு 90 கிலோமீட்டர் சொச்சம்தான் வரும். முழுச் சக்தியையும் சாலை விதியை மீறாமலே அனுபவிக்கலாம். 400 குதிரைத்திறன் வண்டியில் அது முடியாது. இருக்கை தாழ்வாக இருப்பதும் சேர்கிறது. கண் தரையிலிருந்து 1.5 மீட்டருக்குப் பதில் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதே வேகத்தில் சாலை ஒன்றரை மடங்கு விரைவாக ஓடுவதாகக் கண் உணரும்.

கூரையில்லாமைக்கு விலை உண்டு. மூடிய அட்டைப்பெட்டியை முறுக்கிப் பார்த்துவிட்டு, மூடியை எடுத்துவிட்டும் முறுக்கிப் பாருங்கள். திறந்த பெட்டி எளிதில் வளையும். குழிகளில் கண்ணாடிச் சட்டமும் டாஷ்போர்டும் நடுங்குவது அதனால்தான். இழந்த விறைப்பைக் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும், சில் எனப்படும் பெட்டி வடிவ உலோகப் பகுதி ஓரளவு ஈடுகட்டுகிறது. அந்தச் சில் துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போகிறது என்று அர்த்தம்.

துரு தொடங்கும் இடம் கூரை. கூரையிலிருந்து வழியும் மழைநீரை இருக்கைகளுக்குப் பின்னால், இரு ஓரத்திலும் உள்ள வடிகுழாய்கள் கீழே இறக்கிவிடுகின்றன. இலைச்சருகும் தூசியும் அடைத்தால் நீர் தேங்கிக் கம்பளத்துக்குள்ளும் சில்லுக்குள்ளும் புகும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வண்ணப்பூச்சு குமிழிக்கத் தொடங்கும்போது உள்ளே பெரும்பகுதி அரித்திருக்கும். ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொரு பக்கமும் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். உடனே பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் வளையும் பிளாஸ்டிக் கம்பியை விட்டு மெல்லக் குடையலாம். கம்ப்ரசர் காற்று வேண்டாம், குழாய் உள்ளேயே கழன்றுவிடும்.

முதல் தலைமுறையின் பின் ஜன்னல் பிளாஸ்டிக். கூரையை மடக்கும் முன் அதன் ஜிப்பைத் திறந்து தட்டையாகப் படுக்க வைத்துவிட்டு, பிறகு முன்கண்ணாடிமேல் உள்ள இரண்டு கொக்கிகளை விடுவிக்க வேண்டும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், மடக்கினால் விரிசல் விழும். வெயிலில் சிறிது நேரம் நிறுத்தி இளக விடுங்கள். பேட்டரி மாற்றும்போது மூடிய வகையையே போட்டு, அதன் காற்றுக்குழாயை வெளியே செருக வேண்டும். சாதாரண அமில பேட்டரி விடும் ஆவி பின்பெட்டித் தரையை அரித்துவிடும்.

நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் அமைப்பு. சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் போல்ட்டுகள் நெடுநாள் அசையாமல் இருந்தால் தம்மைச் சுற்றியுள்ள புஷ் என்னும் உறையோடு இறுகிவிடும். சில சமயம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் வேலையின்போது ஓட்டுநர் இருக்கையில் அவருடைய எடைக்குச் சமமான மணல் மூட்டை வைக்கச் சொல்லுங்கள். 940 கிலோ வண்டியில் 75 கிலோ மனிதர் ஏறினால் சக்கரக் கோணம் அளவுக்கருவியில் தெரியுமளவுக்கு மாறும்.