"நான் கை வைக்கல, சொன்னது மட்டும்தான்"னு சொல்றவங்களுக்கு

நான் வக்கீல், இந்த மாசமும் என்கிட்ட அதே மாதிரி ஒரு கேஸ், அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன். ஊர்த் திருவிழால ரெண்டு தெரு பசங்களுக்குள்ள தகராறு, ஒரு பையனுக்கு தலையில அரிவாள் வெட்டு, கொலை முயற்சி கேஸ். அதுல ஏ-5ஆ (அஞ்சாவது குற்றவாளியா) சேத்திருக்குற பையன் அன்னைக்கு ஊர்லயே இல்ல, திருப்பூர்ல நைட் ஷிப்ட். அவன் பண்ணதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல 11 செகண்ட் வாய்ஸ் நோட். "இன்னுமாடா பாத்துட்டு இருக்கீங்க, இன்னைக்கே அவன முடிச்சு விடுங்க, கேஸ நான் பாத்துக்கறேன்." அவங்க அம்மா கம்பெனி அட்டெண்டன்ஸ தூக்கிட்டு வந்து "என் புள்ள அங்க போகவே இல்ல சார்"னு அழுறாங்க.

அம்மா, அவன் அங்க இருந்தான்னு போலீஸே சொல்லல. ஸ்பாட்ல இல்லங்கறது வெட்டுனவனுக்குத்தான் டிபன்ஸ், வெட்டச் சொன்னவனுக்கு இல்ல. ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 45வது பிரிவு (பழைய ஐபிசி 107) படி தூண்டி விடுறது தனியாவே குற்றம், அந்தத் தூண்டுதலால சம்பவம் நடந்துட்டா 49வது பிரிவுல செஞ்சவனுக்கு என்ன தண்டனையோ அதேதான். இதுக்கு கத்தி எடுக்க வேணாம், காசு குடுக்க வேணாம், எதிராளி யாருன்னு நேர்ல பாத்திருக்கக்கூட வேணாம். "சும்மா சொன்னேன் சார், அவனுங்க செய்வானுங்கன்னு நெனைக்கல"ங்கறதையும் கேட்டுக் கேட்டு சலிச்சுப் போச்சு. நடக்கலன்னாலும் கேஸ் உண்டுங்க, கொலைக்குத் தூண்டி விட்டு கொலை நடக்காமப் போனாலும் 7 வருஷம் வரைக்கும் உள்ள போகலாம்.

அதுக்காக கோபத்துல வாய்ல வந்த எல்லாமே தூண்டுதல் ஆகாது. விளைவ நெனைக்காம ஆத்திரத்துல சொன்னத அப்படி எடுத்துக்க முடியாதுன்னு 2001ல ஒரு தற்கொலை வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, நாங்களும் அத வச்சு வாதாடுவோம், ஆனா "இன்னைக்கே", "கேஸ நான் பாத்துக்கறேன்"னு தெளிவா பேசிட்டு வந்து நின்னா வக்கீல் என்னத்த வாதாடுறது?

இன்னொன்னு, "சின்னப் பையன விட்டு செய்யச் சொல்லு, அவனுக்கு ஜெயில் கெடையாது"ன்னு ஐடியா குடுக்குற பெரியவங்க. கேக்கவே வயிறு எரியுது. 18 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைய குற்றத்துல இறக்குனா அதே சன்ஹிதாவோட 95வது பிரிவு, கம்மியே 3 வருஷம், 10 வரைக்கும் போகும், அந்தக் குற்றம் நடந்துட்டா அதுக்கான தண்டனை வேற.

மெசேஜ டெலீட் பண்ணாதீங்க. குரூப்ல இருக்குற எல்லார் போன்லயும் அது டவுன்லோட் ஆகியிருக்கும், நீங்க அழிச்சதுதான் உங்களுக்கு எதிரா நிக்கும். குரூப்ல சண்டை பத்திப் பேச்சு வந்தா "வேணாம்டா"ன்னு ஒரு வரி டைப் பண்ணுங்க, கேக்கலன்னா ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்க, ப்ளீஸ், ஒரு உயிர் தப்பும். போலீஸ் விசாரணைக்குக் கூப்பிடுற 35(3) நோட்டீஸ் (இது வேற சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்தா பயந்துட்டு வெளியூர் ஓடாதீங்க, வக்கீலக் கூட்டிட்டு சொன்ன தேதில போய் ஆஜராகுங்க, போகலன்னா அதுவே அரெஸ்ட் பண்ணக் காரணம் ஆயிடும்.