ஊதிப்போன பேட்டரியில் ஊசி வேண்டாம்

ஹட்டனில் போனும் சோலார் விளக்கும் பழுது பார்க்கும் சிறிய கடை என்னுடையது. மே மாதம் மழை பிடித்துவிட்டால் மேசை நிறைய நனைந்த போன்கள்தான். போன வருடம் அப்படியொரு நாளில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மலையில் நனைந்த போனை, காயட்டும் என்று லயத்து அடுப்புக்கு மேலே விறகு அடுக்கும் பரணில் இரவு முழுக்க வைத்திருக்கிறார். பின்மூடி ஒரு பக்கம் எழும்பி நின்றது. கழற்றினால், பேட்டரி பூரி மாதிரி உப்பியிருக்கிறது.

“அண்ணே, ஊசியால குத்திக் காத்த எடுத்துட்டா சரியாகிரும்தானே?” என்றான் பையன். கையில் ஊக்கோடுதான் நின்றான்.

சரியாகாது, தீப்பிடிக்கும். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். இதே கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள்.

அந்தப் பைக்குள் வெறும் காற்று இல்லை. லித்தியம் உப்பைக் கரைத்த சேதனத் திரவம் இருக்கிறது. அது சிதைந்து உண்டான வாயுதான் பையை ஊத வைக்கிறது. அந்தத் திரவத்தில் சேர்க்கும் கரைப்பான்களில் ஒன்று டைமெதில் காபனேற்று. 17, 18 பாகை செல்சியஸிலேயே அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். நம் ஊர் மத்தியானமே அதற்குப் போதும். ஊசி உள்ளே போனால் இரண்டு மின்வாய்களையும் (பிளஸ், மைனஸ் பக்கங்களை) பிரித்து வைத்திருக்கும் மெல்லிய தாள் கிழிந்து, இரண்டும் தொட்டுக்கொள்ளும். அப்புறம் பொறிக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

அப்படியானால் நல்ல பேட்டரி எப்படி அமைதியாக இருக்கிறது? எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். சார்ஜ் ஏறிய மறை (மைனஸ்) மின்வாய், தொட்ட இடத்தில் திரவத்தைச் சிதைக்கும். முதல் சில சார்ஜில் அப்படிச் சிதைந்த பொருளே மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்து, மேற்கொண்டு சிதையாமல் மறித்துக்கொள்கிறது. லித்தியம் அயன் (மின்னேற்றமுள்ள லித்தியம் அணு) மட்டும் அதற்குள் புகுந்து போய் வரும். 1979இல் விஞ்ஞானி இமானுவேல் பெலெட் விளக்கிய படலம் இது. நாம் சோறு வடிக்கும் அலுமினியப் பானையைக் காப்பதும் சில நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுப் படலம்தான். மக்னீசியத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மக்னீசியம் நாடாவை எரிக்கும் முன் அரத்தாளால் தேய்த்தோமே, ஈரக் காற்றில் சாம்பல் பூத்துக் கிடக்குமே, அந்தப் படலம் தண்ணீரையும் உப்பையும் முழுதாக மறிக்காது.

பேட்டரியின் படலமும் சூட்டுக்குத் தாங்காது. 80 பாகையைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். அதற்குக் கீழேயும் மணிக்கணக்காகச் சூட்டில் கிடந்தால் வாயு சேரும். அடுப்புப் பரண் ஆகவே ஆகாது.

இந்தப் படலத்தை உறுதியாக்க விஞ்ஞானிகள் எடுத்திருக்கும் ஒரு வழி, அயன் திரவம். கறியுப்பை உருக்க 801 பாகை வேண்டும். ஆனால் உப்பின் அயன்கள் பெரிதாக, கோணல்மாணலாக இருந்தால் நெருங்கி அடுக்கி நிற்க முடியாமல் சாதாரண வெப்பத்திலேயே திரவமாக நிற்கும். 1914இல் விஞ்ஞானி போல் வால்டன் ஆராய்ந்து எழுதிய எதைல் அமோனியம் நைத்திரேற்று 12 பாகையிலேயே உருகிவிடும் (நுவரெலியாவின் ஜனவரி இரவு அதைவிடக் குளிர்). தண்ணீரில் கரைத்த உப்பு இல்லை, உப்பே திரவம். இவை ஏறக்குறைய ஆவியாவதே இல்லை. அதனால் பெரும்பாலானவை எளிதில் தீப்பற்றுவதும் இல்லை.

அவுஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் மரியா போர்சித்தும் அவரோடு வேலை செய்பவர்களும் இதை மக்னீசியம், லித்தியம் என்று இரண்டு பக்கமும் கொண்டுபோனார்கள். பொசுபரசு அடங்கிய அயன் திரவத்தை மக்னீசியக் கலப்புலோகத்தின் மேல் விட்டால், உலோகத்தோடு தாக்கமுற்று அரிப்பை மந்தமாக்கும் படலம் உண்டாகிறது. பேட்டரியின் மறை மின்வாயாக லித்தியம் உலோகத்தையே வைக்கும்போதும் அதே யோசனைதான். ஒரு கிராம் லித்தியம் 3860 மில்லி அம்பியர் மணி தேக்கும். இப்போது போன் பேட்டரியின் மறை மின்வாயில் இருக்கும் காரீயம் (ஈயம் இல்லை, பென்சிலில் இருக்கும் கிராபைட்டு) 372தான். ஆனால் சார்ஜ் ஏறும்போது லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவில் இருக்கும் தாளைத் துளைக்கிறது. பையன் வெளியிலிருந்து குத்தப் பார்த்ததை அது உள்ளிருந்தே செய்கிறது. பொருத்தமான அயன் திரவம் சிதையும்போது லித்தியம் புளோரைட்டு நிறைந்த படலம் படிவதால், உலோகம் சமமாகப் படிய வழி கிடைக்கிறது.

குறையும் இருக்கிறது. விலை அதிகம். சில, கித்துள் பாணி போலத் தடித்தவை. குளிரில் அயன்கள் இன்னும் மெதுவாகத்தான் நகரும். ஆவியாகாததால் சூழலுக்கு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது, சில வகைகள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. நம் கையில் இருக்கும் போனில் இன்னும் அந்தப் பழைய திரவம்தான் இருக்கிறது. ஆகவே ஊதின பேட்டரியை சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், அடுப்பிலோ கானிலோ எறியாதீர்கள். நான் கடைக்கு வெளியே ஒரு தகரத்தில் காய்ந்த மணல் போட்டு அதற்குள்தான் வைக்கிறேன்.

“அப்ப நனைஞ்சா எங்கதான் தம்பி காயப்போடுறது?” என்றார் அக்கா.

போனை அணைத்து, துணியால் ஒற்றி, சிம்மைக் கழற்றி, அடுப்பில்லாத முன் அறையில் காற்றுப்படும் இடமாக நிமிர்த்தி வையுங்கள், இரண்டு நாளைக்கு சார்ஜரைத் தொடவேண்டாம் என்றேன். பையன் ஊக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு, மணல் தகரத்தைத் திறந்து பிடித்தான்.