மனச்சிதைவு நோய்க்கு அம்மா காரணமா?

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா: இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக நம்புவது போன்ற மனநோய்) வந்த பிள்ளையின் அம்மாவிடம் "வளர்ப்பு சரியில்லை" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. சொந்தக்காரர்களை விடுங்கள், ஒரு காலத்தில் மனநல மருத்துவர்களே இதைச் சொன்னார்கள். 1948-இல் அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மருத்துவர், பிள்ளைக்கு இந்த நோயை உண்டாக்கும் தாய் என்று ஒரு வகையையே எழுதிவைத்தார். 1956-இல் மானுடவியலாளர் கிரெகரி பேட்சனும் அவர் குழுவும், வாயால் ஒன்று, முகத்தால் நேர்மாறாக இன்னொன்று என்று பெற்றோர் தொடர்ந்து முரணாக நடப்பதில்தான் நோய் பிறக்கிறது என்றார்கள். ஏற்கெனவே நொந்துபோயிருந்த குடும்பங்களின் தலையில் குற்றப் பழியும் ஏறியது. எனக்கு இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஏனென்றால் ஆதாரம் வேறு பக்கம் போனது. 1966-இல் லியோனார்ட் ஹெஸ்டன் என்ற மனநல மருத்துவர், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மனச்சிதைவு உள்ள தாய்மார்களுக்குப் பிறந்து மூன்றே நாளுக்குள் பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அவர்களில் ஐந்து பேருக்கு நோய் வந்திருந்தது. நோயில்லாத தாய்மார்களுக்குப் பிறந்து அதேபோல வேறிடத்தில் வளர்ந்த 50 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அந்தத் தாய்மார்கள் பிள்ளையை வளர்க்கவே இல்லையே, அப்புறம் வளர்ப்பைக் குறை சொல்லி என்ன பயன்? அதற்காக எல்லாமே மரபணு என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே கருமுட்டையிலிருந்து உருவாகி, ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான்.

சரி, அப்படியென்றால் வீட்டுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். 1950-களில் புது மருந்துகள் வந்து நோயாளிகள் வீடு திரும்பத் தொடங்கியபோது, லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் ஒன்றைக் கவனித்தார்: பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிய ஆண்களுக்கு, வாடகை அறையில் தங்கியவர்களைவிட நோய் அதிகமாகத் திரும்பியது. ஏன் என்று பார்க்க அவர் குழு உறவினரைத் தனியாக உட்காரவைத்துப் பேட்டி எடுத்து, அதை டேப்பில் பதிவு செய்து, குறை சொல்லும் பேச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணியது. வார்த்தையைவிடக் குரல்தான் முக்கியம். "பத்து மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டான்" என்று சாதாரணமாகச் சொன்னால் அது தகவல். அதையே பல்லைக் கடித்துக்கொண்டு, குரலை ஏற்றிச் சொன்னால் கணக்கில் ஒன்று. வெறுப்பையும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்வதையும் அப்படியே மதிப்பிட்டார்கள். 1972-இல் வெளியான ஆய்வில், இவை அதிகமாக இருந்த வீடுகளில் ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியவர்கள் 58 சதவீதம், குறைவாக இருந்த வீடுகளில் 16 சதவீதம்.

குறைகள் பெரும்பாலும் எதைப் பற்றி இருக்கும் தெரியுமா? காதில் குரல் கேட்பதைப் பற்றி இல்லை. படுத்தே கிடக்கிறான், குளிக்க மாட்டேன் என்கிறான், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான், இதெல்லாம்தான். இதுவும் நோயின் அறிகுறியே, ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது சோம்பலாகவும் திமிராகவும் தெரிகிறது, வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தால் கோபம் வரத்தானே செய்யும். அந்தக் கோபம் நோயாளியின் உடம்பிலேயே பதிகிறது: அவர் தோலின் மின்கடத்தலை (பதற்றத்தில் வியர்க்கும்போது இது கூடும்) அளந்தபோது, சாந்தமான உறவினர் அறைக்குள் வந்ததும் நோயாளியின் பதற்றம் இறங்கியது, கடிந்துகொள்பவர் வந்தபோது இறங்கவில்லை.

நோய் கடுமையாக இருப்பதால்தான் வீட்டார் எரிந்துவிழுகிறார்கள் என்றும் சொல்லலாமே? நியாயமான கேள்வி, ஓரளவு உண்மையும்கூட. அதற்குத்தான் ஜூலியன் லெஃப் என்ற லண்டன் மனநல மருத்துவரின் குழு, கடிந்துகொள்ளும் வீடுகளை எடுத்து ஒரு சோதனை செய்து 1982-இல் வெளியிட்டது. எல்லா நோயாளிகளுக்கும் மருந்து உண்டு. பாதிக் குடும்பங்களுக்கு மட்டும் கூடுதலாக நோயைப் பற்றிய விளக்கம், மற்ற குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும் கூட்டம், வீட்டுக்கே போய்ப் பேசுவது. ஒன்பது மாதத்தில், இந்த உதவி கிடைக்காத வீடுகளில் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. கிடைத்த வீடுகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

அவர்கள் கவனம் வைத்த இன்னொரு விஷயம், நேருக்கு நேர் இருக்கும் நேரம். முந்தைய ஆய்வுகளில் வாரத்துக்கு 35 மணி நேரம் என்று ஒரு கோடு வைத்திருந்தார்கள். கடிந்துகொள்ளும் வீட்டில் அதற்குமேல் சேர்ந்திருந்தால் ஆபத்து கூடியது. எனவே நோயாளி பகலில் ஒரு பகல்நேர மையத்துக்குப் போய்வந்தாலே நேரம் குறையும், அந்த அம்மாவுக்கும் வெளியே போய்வர, கொஞ்சம் படுத்துத் தூங்க, தன் வேலையைப் பார்க்க நேரம் கிடைக்கும்.