மாசியில் பட்டது, வைகாசியில் கொட்டும்

சித்தப்பா மாசி மாதம் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம், வாரிசுச் சான்றிதழ், பென்ஷன் அலுவலகம் என்று அலைந்த சித்தி வைகாசி வாக்கில்தான் கொஞ்சம் மூச்சுவிட்டார். ராத்திரி தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. சரியாக அந்த நேரத்தில் முடி கொட்ட ஆரம்பித்தது. சீவினால் சீப்பு நிறைய முடி. குளித்தால் தண்ணீர் போகும் ஜாலியை அடைத்துக்கொண்டு ஒரு பந்து. "அழுதுக்கிட்டே கிடந்தப்ப ஒண்ணும் ஆகல. மனசு தேறுன பிறகு ஏன்டா இப்படிக் கொட்டுது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு. தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

நம் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாட்காட்டி. 2 முதல் 6 ஆண்டுகள் வரை முடியை வளர்க்கும். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் அதன் கீழ்ப்பகுதி சுருங்கி மேலேறும். அதன்பின் சுமார் 3 மாதம் ஓய்வு. ஓய்வில் இருக்கும் முடி வளராது, உடனே விழவும் செய்யாது, இருந்த இடத்திலேயே செருகி நிற்கும். அடுத்த சுற்று தொடங்கும் சமயத்தில்தான் கழன்று விழும்.

சாதாரணமாக நூற்றுக்குப் பத்து முடி இந்த ஓய்வில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்சத்தில் அது 10,000. 100 நாள் ஓய்வு என்றால் ஒரு நாளைக்கு 100 முடி விழ வேண்டும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கும் தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்வதோடு இந்தக் கணக்கு ஒத்துப்போகிறது. இப்போது பெரிய அதிர்ச்சி ஒன்று வந்து, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பங்கு முன்கூட்டியே ஓய்வுக்குப் போகிறது. நூற்றுக்குப் பத்தாக இருந்தது முப்பதாகிறது. அன்று தலையைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. 3 மாதம் கழித்துத்தான் தினம் 300 முடியாக அந்தக் கணக்கு தீரும். சித்தி வைகாசியில் சீப்பில் பார்த்தது மாசியில் முடிவான முடி.

இந்த உதிர்வுக்கு அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961இல் 'டெலோஜன் எஃப்ளூவியம்' என்று பெயரிட்டார். துக்கம் மட்டும் இதற்குக் காரணமல்ல. டெங்கு, டைபாய்டு, கோவிட் போன்ற கடும் காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, சில மருந்துகள் என எல்லாமே இதைக் கொண்டுவரும். பிரசவமும் அப்படித்தான். கர்ப்ப காலத்து ஹார்மோன்கள் பல முடிகளை ஓய்வுக்கு விடாமல் வளர்ச்சியிலேயே பிடித்துவைக்கின்றன. குழந்தை பிறந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். குழந்தையின் சிரிப்புக்கும் முடிக்கும் தொடர்பில்லை. ஆனால் பிள்ளை முகம் பார்த்துச் சிரிப்பதும் இரண்டு மூன்று மாதத்தில், முடி கொட்டுவதும் இரண்டு மூன்று மாதத்தில். காலக் கணக்கை அவர்கள் துல்லியமாகப் பிடித்திருக்கிறார்கள். அதே வயதில் குழந்தையின் பின்னந்தலையிலும் முடி உதிர்ந்து வழுக்கையாகத் தெரியும். தலையணை உராய்ந்து போனது என்போம். பிறப்பை ஒட்டி ஒன்றாக ஓய்வுக்குப் போன முடிகள் ஒன்றாக விழுவதே அதற்கு முக்கியக் காரணம்.

மன அழுத்தம் மயிர்க்காலை எப்படி எட்டுகிறது? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யா-சியே ஷூ குழுவினர் எலிகளை வைத்து ஆராய்ந்து 2021இல் ஒரு விடை சொன்னார்கள். அழுத்தம் கூடும்போது அட்ரினல் சுரப்பி கார்ட்டிகோஸ்டீரோன் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. நம் உடலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் செய்யும் வேலையை எலிக்கு அது செய்கிறது. மயிர்க்காலின் அடியில் உள்ள செல்கள் 'காஸ்-6' என்ற புரதத்தை அனுப்பித்தான், புது முடியை உண்டாக்கும் 'ஸ்டெம் செல்' எனப்படும் தூங்கும் குருத்தணுக்களை எழுப்புகின்றன. ஹார்மோன் அந்தப் புரதத்தை அடக்கிவிடுவதால் குருத்தணுக்கள் தூக்கத்திலேயே நீடிக்கின்றன. அட்ரினல் சுரப்பியை அகற்றிய எலிகளில் ஓய்வுக்காலம் வெகுவாகக் குறைந்து முடி மீண்டும் மீண்டும் முளைத்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் மனதில் பட்ட அடி மண்டைத்தோல் வரை போவதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதை இது காட்டியது.

சித்தி அதிகம் பயந்தது வேறொன்றுக்கு. "வேரோடயே வந்துடுது பாரு" என்று ஒரு முடியை நீட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு நுனியில் ரவையைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை முண்டு. அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போன முடியின் அடி கெட்டிப்பட்டு உருண்டுகொண்ட பகுதி. முடியை உண்டாக்கும் குருத்தணுக்கள் தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கின்றன. மயிர்க்கால் சாகவில்லை, அதனால் முடி திரும்ப முளைக்கும். இந்த வகை உதிர்வில் தலைமுடியில் பாதிக்கு மேல் போவதும் அரிது.

பயந்தவர்கள் முதலில் செய்வது தலைக்குக் குளிப்பதைக் குறைப்பது. விழ வேண்டிய முடி பின்னலுக்குள் சிக்கி நிற்கும், ஐந்தாறு நாள் கழித்து அலசும்போது மொத்தமாகக் கையில் வரும். செவ்வாய், வெள்ளி மட்டும் தலைக்கு ஊற்றுபவர்களுக்கு அந்த நாள்களில் ஏன் அத்தனை கொட்டுகிறது என்பதற்கு இதுதான் காரணம். வழக்கம்போலக் குளிக்கலாம். இறுக்கிக் கொண்டை போடாமல், ஈரத்தோடு சிக்கெடுக்காமல் இருந்தால் போதும். தினம் உட்கார்ந்து முடியை எண்ணுவது மனதைத்தான் அரிக்கும்.

எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். காரணம் நீங்கிவிட்டால், பெரும்பாலானோருக்கு 6 மாதத்துக்குள் இந்த உதிர்வு தானாகவே அடங்கும். கொட்டத் தொடங்கி இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்து, பிறகு கரிசலாங்கண்ணித் தைலமோ வெங்காயச் சாறோ தேய்க்க ஆரம்பிப்போம். அடுத்த ஓரிரு மாதத்தில் நின்றுவிடும், பெயர் தைலத்துக்குப் போகும். மொட்டை அடித்தாலும் அதே கதைதான். கத்தி தோலுக்கு மேலே உள்ளதை மட்டும் வெட்டுகிறது, மயிர்க்காலைத் தொடுவதில்லை. எண்ணெய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தேய்த்துவிடும் கை தரும் ஆறுதல் பெரிது. ஆயிரக்கணக்கில் பணம் கொட்டி வாங்காதீர்கள் என்றுதான் மன்றாடுகிறேன்.

அந்தப் பணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால் உடம்பு தேறிய பின் பார்ப்பது நல்லது. தைராய்டும் பார்க்க வேண்டும். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அது தைராய்டு முடிவுகளையே மாற்றிக் காட்டக்கூடியது. பயோட்டின் குறைபாடு அரிது, பலருக்கு அந்த மாத்திரை தேவையும் இல்லை. முடி என்பது புரதம். துக்க வீட்டில் மாதக்கணக்கில் கஞ்சியும் ரசமுமாக ஓட்டியவர்களுக்கு முட்டை, பயறு, கடலை, மீன் உள்ளே போக வேண்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைத் தடுக்கும்.

காசு அளவுக்கு வட்டமாக முடி போனால், மண்டைத்தோல் சிவந்து செதில் உதிர்ந்தால், வகிடு வர வர அகலமானால், 6 மாதம் தாண்டியும் நிற்காவிட்டால் தோல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அவை வேறு காரணங்களாக இருக்கலாம்.

சித்திக்கு ஃபெரிட்டின் குறைவாகத்தான் இருந்தது, மாத்திரை கொடுத்தார்கள். ஐப்பசியில் போனபோது எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருந்தார். அப்படியும் நெற்றியோரம் படியாமல் ஒரு விரற்கடை நீளத்துக்குக் குட்டி முடிகள் நின்றன. மாதத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் வளரும், பழைய பின்னல் திரும்ப நாலைந்து வருஷமாகும் என்றேன். கண்ணாடியை எடுத்து வரச்சொல்லி, அந்தக் குட்டி முடிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.