கண் முழித்திருக்கும், பையன் தூங்குவான்

செல்லூரிலிருந்து ஒரு தாயின் கேள்வி: “மதுரை சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்த்து, அழகர் ஆற்றில் இறங்கும்வரை என் ஆறு வயது மகன் தூங்கவே இல்லை. மறுநாள் படுத்து ஒன்றரை மணி நேரத்தில் வீலென்று அலறி எழுந்தான். கண் திறந்திருக்கிறது, என்னைத் தெரியவில்லை, பிடித்தால் தள்ளுகிறான். காலையில் எதுவும் ஞாபகமில்லை. கூட்டத்தில் காத்துக்கருப்பு அடித்திருக்குமா?”

இது இரவு அலறல். கெட்ட கனவு வேறு. அது பெரும்பாலும் விடியற்காலைப் பக்கம் வரும், பிள்ளை எழுந்து கதை சொல்லும். அலறல் முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில் கிளம்புவது. தூக்கத்தில் நடப்பதும் இதன் உடன்பிறப்புதான்.

மூளை முழுக்க ஒரே நேரத்தில் தூங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. டால்பின் பாதி மூளையைத் தூங்கவிட்டு மறுபாதியால் நீந்துகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் நரம்பணுக்கள் கூட்டமாக அடங்கிக் கூட்டமாக எழும். விநாடிக்கு நான்குக்கும் குறைவான பெரிய அலைகள். அதிலிருந்து மேலேறும்போது சில பிள்ளைகளுக்குக் கைகாலை இயக்கும் பகுதி முழித்துக்கொள்கிறது. நெற்றிக்குப் பின்னால் யோசிக்கும் பகுதியும் நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸும் அலையிலேயே கிடக்கின்றன. ஒரு பேஸ் போன வீடு மாதிரி: மிக்ஸி ஓடும், ஹால் லைட் எரியாது. கத்த முடிகிறது, அம்மாவை அடையாளம் காண முடியவில்லை. வலிப்பு சிகிச்சைக்காக மூளைக்குள் வைத்த மின்முனைகளில் இந்த அரைகுறை விழிப்பு அப்படியே பதிவாகியிருக்கிறது.

சரி, திருவிழா எங்கே வந்தது? தூங்காத ராத்திரியின் கடனை மூளை மறுநாள் ஆழ்ந்த தூக்கமாக வசூலிக்கும். ஆழம் கூடினால் ஏறி வருவதும் தடுமாறும். காய்ச்சல், முட்டும் மூத்திரம், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீங்கி வரும் குறட்டை எல்லாமே கிளப்பிவிடும். பரம்பரையாகவும் வரும், மாமியாரிடம் அவர் மகனின் சின்ன வயதைக் கேட்டுப் பாருங்கள்.

மந்திரித்துத் தாயத்துக் கட்டினால் நின்றுவிடுகிறதே என்பார்கள். இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்கினால் கடன் அடையும். பேர் தாயத்துக்குப் போகும். தாயத்தோடு எனக்குச் சண்டையில்லை. பாதி ராத்திரியில் வேப்பிலை அடித்துப் பிள்ளையை உலுக்குகிறார்களே, அதுதான் கோபம்.

உலுக்காமல், தண்ணீர் தெளிக்காமல், விழுந்துவிடாதபடி பக்கத்தில் இருங்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாக அடங்கும். நடக்கிற பிள்ளை என்றால் மாடிக் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். தினமும் அதே நேரத்தில் வந்தால், கால் மணி நேரம் முன்பே லேசாகத் தட்டி எழுப்பி மறுபடி தூங்கவிடுங்கள்; சில வாரத்தில் பலருக்கு நிற்கிறது. ஒரே இரவில் பலமுறை வந்தாலோ, உடம்பு விறைத்தாலோ வலிப்பாகவும் இருக்கலாம். அப்போது போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் வாயால் சொல்வதைவிட அது அவருக்கு உதவும்.